சின்னப்பன் இடித்த சுவர்

சேசு மரி சூசை துணை

குருசுப்பட்டி,
பாலக்கோடு வழி,
தருமபுரி ஜில்லா.
24-4-1974

என் அன்புள்ள மகன் சவுரியப்பனுக்கு உன் அம்மா அருளாயி ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

நான் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன். முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் கிடா. ஜபல்பூரில் வெயில் இங்கேயைவிடக் கடுமை என்று எழுதியிருந்தாய். தலைக்கு எண்ணெய் வைக்காமல் வெளியே போகாதே. ராணுவத்தில் எண்ணெய் வைக்கக் கூடாது என்று சட்டம் இருந்தால் சனிக்கிழமையாவது வைத்துக் குளி.

உன் கடிதம் ஈஸ்டர் முடிந்து வந்தது. முதல் பக்கம் முழுக்க என் சுகத்தைக் கேட்டுவிட்டு, அடுத்த பக்கத்தில்தான் விஷயத்துக்கு வந்திருக்கிறாய். பிள்ளையின் பிணம் வீட்டில் கிடக்க, பெற்ற தகப்பனை வெயிலில் நிறுத்திச் சுவர் இடிக்க வைத்தாயாமே, அது ரீசனபிள்தானா அம்மா என்று கேட்டிருக்கிறாய். பெரிய வூட்டு லூர்தம்மாளின் தம்பி மகன் உனக்கு எழுதியிருக்கிறான். அவன் எழுதியது பொய்யில்லை. ஆனால் அவன் தருமபுரியிலிருந்து சாவுக்கு வந்தவன், நடந்ததில் பாதியைத்தான் பார்த்தான். நான் முதலிலிருந்து எழுதுகிறேன். படித்துவிட்டு அப்புறம் என்னைக் கேள்.

ரீசனபிள் என்கிற அந்தச் சொல்லை மட்டும் நீ எனக்கு எழுதியிருக்க வேண்டாம். உனக்கு அது ஆபீசுச் சொல். லீவு கேட்டால் உன் மேஜர் அதைத்தான் சொல்லித் திருப்பி அனுப்புவார் என்று நீயே எழுதியிருக்கிறாய். இந்த ஊருக்கு அதைக் கொண்டுவந்தவர் பெரிய வூட்டுச் சின்னப்பன். சின்ன வயதில் ரயில்வே குத்தகைக்காரரிடம் மேஸ்திரியாக இருந்தபோது வெள்ளைக்காரத் துரைகளிடம் பொறுக்கிய சொல் அது. கூலி சேர்த்துக் கேட்டால் "ரீசனபிளா கேளுங்க" என்பார். அவர் மாடு நம் சோளத்தை மேய்ந்துவிட்டது என்று சொல்லப் போனால் "ரீசனபிளா பேசும்மா" என்பார். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குக்கூட இங்கே அதற்கு அர்த்தம் தெரியும். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போ என்று அர்த்தம்.

உன் அக்கா மதலைமேரி செத்தபோது நீ தருமபுரி விடுதியில் இருந்தாய். நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உனக்குப் பதினைந்து வயது, தகப்பனும் இல்லை. அதனால் பலதை நான் உன்னிடம் சொல்லாமல் விட்டேன். இப்போது சொல்கிறேன்.

சின்னப்பனின் மேட்டுக் கிணற்றில் நடுப்படி ஒன்று உடைந்து ஆடிக்கொண்டிருந்தது. குள்ளம்மாள் அதில் வழுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். பெண்கள் நாங்கள் போய் அதைச் சரிசெய்து கொடுங்கள் என்று எத்தனையோ முறை கேட்டோம். அறுப்பு முடியட்டும், மழை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தார். அந்தக் கோடையில் தண்ணீர் அடியில் கிடந்தது. மதலை துணி துவைக்கப் போனாள். மத்தியானம் அவளை மேலே தூக்கினார்கள்.

போலீசு வந்து பார்த்துத் தவறி விழுந்ததாக எழுதிவிட்டுப் போனது. கோயில் அப்படி எழுதவில்லை. அப்போது இருந்தவர் பிரான்சு தேசத்துச் சாமியார். கெட்டவர் இல்லை. தமிழ் அரைகுறை, அதனால் எல்லாவற்றுக்கும் கோயில் நாட்டாண்மையான சின்னப்பனை நம்பினார். சின்னப்பன் அவரிடம் போய், "தானா வுழல சாமி. குதிச்சிதான் இருக்குது. முந்தாநாளு கல்யாணப் பேச்சுல அழுதுக்கினு இருந்தது ஊருக்கே தெரியும்" என்று சொன்னார். கம்பைநல்லூர் மாப்பிள்ளை வேண்டாம் என்று அவள் அழுதது உண்மைதான். எந்தப் பெண்தான் அழவில்லை? நானும் உன் அப்பாவைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்தவள்தான்.

தானே உயிரை விட்டவர்களுக்கு மந்திரித்த மண்ணில் இடமில்லை என்பது அந்தக் காலத்துக் கோயில் சட்டம். கல்லறைத் தோட்டத்து வாசலில் சின்னப்பன் குறுக்கே நின்றார். நான் மண்ணில் விழுந்து அவர் காலைப் பிடித்தேன். "அண்ணா, அவ குதிக்கலீங்க. படி வழுக்கி இருக்குதுங்க. சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கதறினேன். அவர் காலை இழுத்துக்கொண்டு சொன்னார்: "ரீசனபிளா இரு அருளாயி. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். நாளைக்கு என் வூட்ல நடந்தாலும் இதேதான்."

மணி அடிக்கவில்லை. சாமியார் வரவில்லை. சுவருக்கு வெளியே, எருக்கஞ்செடி நடுவே என் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தோம். உனக்குத் தெரிந்தது அந்த மண்மேடு மட்டும்தான்.

அதற்கப்புறம் பதினொரு வருஷம். ஒரு ஞாயிறும் தவறாமல் பூசைக்குப் போனேன், ஆனால் பீடத்தண்டை போய் நன்மை அப்பம் வாங்கவில்லை. சேசு கற்பித்த செபம் சொல்லும்போது தீமை செய்தவர்களைப் பொறுப்பது பற்றிய வரி வந்தால் வாயை மூடிக்கொள்வேன். அது முடிந்ததும் திரும்பச் சேர்ந்துகொள்வேன். முன் வரிசையில் சின்னப்பனின் முதுகு தெரியும். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டேதான் நான் முழங்காலில் நின்றேன். நீ பணம் அனுப்பி ஓடு மாற்றினோம், மாடு வாங்கினோம், எல்லாம் நடந்தது. மனசுக்குள் நான் ஒரே ஒரு வேலைதான் செய்துகொண்டிருந்தேன். காத்திருந்தேன்.

இனி சின்னப்பனின் மகன், உன் சிநேகிதன் இன்னாசியின் சாவைச் சொல்ல வேண்டும். சக்கரை ஆலையிலிருந்து கரும்பு வெட்ட உத்தரவு வந்த தேதியை அவன் மறந்துவிட்டான். ஆள் கூட்டி வருவதற்குள் தேதி தாண்டிவிட்டது, கரும்பு நின்றபடியே காய்ந்தது. சின்னப்பன் வெட்டுக்காரர்கள் அத்தனை பேர் எதிரிலும் அவனைச் செருப்பால் அடித்தார். இருபத்தாறு வயதுப் பிள்ளையை. அன்றைக்கே அவன் மோட்டார் கொட்டகைக்குள் போய்ப் பாலிடால் குடித்துவிட்டான். டிராக்டரில் போட்டுப் பாலக்கோட்டுக்குக் கொண்டு போனார்கள். வழியிலேயே போய்விட்டான். மறுநாள் காலையில் பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

பிணம் வந்ததைக் கேள்விப்பட்டதும் நான் அழவில்லை. உனக்கு அது சங்கடமாக இருக்கும், ஆனாலும் எழுதுகிறேன். அடுப்பிலிருந்த களியை இறக்கி வைத்துவிட்டு, முகம் கழுவி, துவைத்த சேலை எடுத்துக் கட்டிக்கொண்டேன். யாராவது என்னைத் தேடி வருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஊர்ப் பையன்கள் கல்லறை வாசலில் கூடிவிட்டார்கள். "மதலையக்கா வெளிய கெடக்கறப்ப இன்னாசி எப்பிடி உள்ள போவான்? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுன்னு அவருதான சொன்னாரு?" என்று கேட்டார்களாம். இப்போதிருக்கிற சாமியார் சின்ன வயதுக்காரர், ஆத்தூர்ப் பக்கம். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். பாய் போட்டேன், மண்ணிலேயே உட்கார்ந்தார். "அம்மா, இப்ப அந்தச் சட்டத்த அவ்வளவு இறுக்கமா யாரும் பாக்கறதில்ல. மனசு ஒடஞ்சி செத்தவங்கள நாங்க உள்ளதான் அடக்கம் பண்றோம். ஆனா இந்த ஊரு உங்க முகத்தப் பாக்குது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா வழி விடுவாங்க" என்றார்.

"சட்டம் நான் போட்டதில்லீங்களே சாமி" என்றேன்.

அப்போது அவரும் அந்தச் சொல்லைத்தான் எடுத்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்னும் எத்தனை பேர் வாயிலிருந்து இதைக் கேட்க வேண்டும் என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. நாம் கடைவீதியில் பேசுகிற இங்கிலீசில் அதற்கு ஒரு அர்த்தம், வேதத்தில் வேறு அர்த்தம் என்றார். அந்தக் காலத்து அப்போஸ்தலர் அர்ச்சியசிஷ்ட சின்னப்பர் சிறையிலிருந்து சபையாருக்கு எழுதும்போது, உங்களிடம் இந்தக் குணம் இருப்பது எல்லாருக்கும் தெரியட்டும் என்று ஒரு குணத்தைச் சொன்னாராம். கிரேக்கச் சொல்லாம். இங்கிலீசுக்காரர்களில் சிலர் அதை ரீசனபிள் என்று போட்டார்களாம், தமிழில் சாந்தம் என்று போட்டவர்களும் உண்டாம். இரண்டும் சரியாகப் பொருந்தவில்லை என்றார். நியாயம் முழுக்க உன் பக்கம் இருக்கிறது, சட்டமும் உன் கையில் இருக்கிறது, ஆனாலும் அதைக் கடைசி நுனி வரைக்கும் இழுக்காமல் தளர்த்திப் பிடிக்கிறாயே, அதுதான் அந்தச் சொல் என்றார். ஆண்டவர் பக்கத்தில் இருக்கிறார் என்றும் கூடவே எழுதினாராம்.

எழுதினவர் பெயரும் சின்னப்பர், பார்த்தாயா.

நான் கேட்டேன்: "பக்கத்துல இருக்கறவரு அன்னிக்கும் பக்கத்துலதான இருந்தாரு சாமி? சரி, அது போவட்டும். அந்த வார்த்தைய யாருகிட்ட சொல்றது? சாட்டைய வெச்சிருக்கறவன்கிட்டயா, அடி வாங்கறவகிட்டயா?"

அவர், "சாட்டைய வெச்சிருக்கறவங்ககிட்டதாம்மா சொல்லணும். இத்தினி நாளா உங்ககிட்ட சொன்னவங்க தப்பா சொல்லிட்டாங்க. ஆனா இன்னைக்கு அது உங்க கையிலதான் இருக்குது" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். பதினொரு வருஷத்தில் ஒருவர் என்னிடம் உண்மையைச் சொன்னது அன்றைக்குத்தான், அதுவும் நான் சாட்டையை ஓங்கி நிற்கிற நேரத்தில். நல்ல சாமியார். ஆனால் அவருக்குப் பிள்ளை செத்ததில்லை.

அவர் எழுந்து போவதற்குள் சின்னப்பனே வந்து நின்றார். தோளில் துண்டு இல்லை, காலில் செருப்பும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அருளாயி, நடந்தது நடந்துபோச்சி. நாம ரெண்டு பேரும் ரீசனபிளா" என்று தொடங்கி, தன் வாயில் என்ன வந்தது என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார். நான் வாசலுக்குப் போனேன். அதுவரைக்கும் அவரை 'வாங்க போங்க' என்றுதான் பேசியிருக்கிறேன். அன்றைக்கு, "என் மவள நீ வெளிய வெச்ச. அவள நான் தோண்டி எடுத்து இம்சை பண்ண மாட்டேன். சுவத்த இடி. அவ உள்ள வரட்டும். அப்பறம் உன் மவனக் கொண்டா. ஆளு வெக்கக் கூடாது, நீயே இடிக்கணும்" என்றேன்.

இனிமேல் எழுத்தில் அவனுக்கு மரியாதை வராது. நீ பொறுத்துக்கொள்.

நீ பார்த்த சுவர்தானே அது. கருங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து அவன் தகப்பன் காலத்தில் கட்டியது, அவர் பெயர் பொறித்த கல்கூட வாசலில் இருக்கிறது. சின்னப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தான். பங்குனி வெயில். நான் மதலையின் மேட்டுக்குப் பக்கத்தில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஊர் முழுக்க நின்று பார்த்தது. முதல் கல் பெயரவே நேரமாயிற்று. அவன் தம்பி பிள்ளைகள் இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள். நான் கையைத்தான் தூக்கினேன். நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். உன் அம்மா கை தூக்கினால் பெரிய வூட்டு ஆட்கள் நிற்பார்கள் என்று நீ நினைத்திருக்க மாட்டாய், நானும் நினைக்கவில்லை. அது இனித்தது. உள்ளபடி எழுதுகிறேன்.

பாதி சுவர் சரிந்தபோது சின்னப்பன் பெண்டாட்டி லூர்தம்மாள் வந்தாள். பிள்ளையை வீட்டில் கிடத்திவிட்டு வந்திருந்தாள். என்னைக் கெஞ்சுவாள் என்று நினைத்து மனதைக் கட்டி வைத்துக்கொண்டேன். அவள் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. குனிந்து, விழுந்த கற்களை எடுத்து ஓரமாக வைக்கத் தொடங்கினாள். அது ஆள் வைப்பதாகுமா என்று நான் யோசித்தேன். அவளைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை. மதலையின் மேட்டைத் தாண்டும்போது ஒரு கல்லோடு நின்றாள். ஊர் கேட்கும்படி சொன்னாள்: "படி ஒடஞ்சிதான் இருந்துது அருளாயி. ஒம் மவ குதிக்கல. அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள இவரு கொத்தனார வெச்சிப் பூசிட்டாரு. நான் கேட்டதுக்கு என்னையும் அடிச்சாரு."

சவுரி, இதைக் கேட்கத்தான் நான் உயிரோடு இருந்தேன். கூட்டத்தில் பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். சின்னப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றான், மறுக்கவில்லை. சாமியார் என் பக்கத்தில் வந்து, பெட்டி போகிற அளவுக்கு வழி ஆகிவிட்டது, போதும்மா என்றார்.

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். நீ கேட்கிற கேள்வி அந்த இடத்தைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரியும். உண்மை வெளியே வந்துவிட்டது, வழியும் திறந்துவிட்டது. மேற்கொண்டு எனக்கு என்ன வேண்டும்?

நான் போதாது என்றேன். கடைக்கால் வரைக்கும் பெயர்க்க வேண்டும் என்றேன். சாமியார் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். சின்னப்பன் பெயர்த்தான். உள்ளங்கைத் தோல் உரிந்து கடப்பாரை வழுக்கியது, மண்ணை அள்ளிக் கையில் தேய்த்துக்கொண்டு திரும்பக் குத்தினான். ஒரு தரம் கல்லோடு கல்லாக உட்கார்ந்துவிட்டான். "எழுந்திரு" என்றேன். எழுந்தான். அவன் வீட்டில் ஊதுவத்தி வாசனையைத் தாண்டி வேறு வாசனை வரத் தொடங்கியிருக்கும், அதுவும் எனக்குத் தெரியும். நிழல் நீண்டு போனபோது கடைசிக் கல் வந்தது. நான் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனேன். காலையில் இறக்கி வைத்த களியைக் கரைத்து வயிறு நிறையக் குடித்தேன். மணி அடிக்கிற சத்தம் கேட்டது. இன்னாசிக்கு அடித்துவிட்டு, மதலைக்கும் அடித்தார்கள். இரண்டு பேர் மண்ணையும் சாமியார் மந்திரித்தார் என்று குள்ளம்மாள் வந்து சொன்னாள்.

ஈஸ்டர் அன்றைக்குப் பிரசங்கத்தில் சாமியார் என் பெயரைச் சொல்லாமல், நம் ஊரில் ஒரு தாய் தளர்த்திப் பிடித்தாள் என்று சொன்னார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பூசை முடிந்ததும் அவரிடம், "அது நானில்லீங்க சாமி. நான் நுனி வரைக்கும்தான் இழுத்தேன். அறுந்துபோனதால நின்னுது" என்று சொன்னேன். அவர், "எனக்குத் தெரியும்மா. ஊருக்கு ஒரு முன்மாதிரி வேணும்ல" என்றார். எனக்கு மாதிரியாக இருக்க விருப்பமில்லை. இன்னமும் அந்த வரி வந்தால் என் வாய் மூடிக்கொள்கிறது. சின்னப்பன் இப்போது முன் வரிசையில் உட்காருவதில்லை, தூணுக்குப் பின்னால் நிற்கிறான். அவன் முதுகு எனக்குத் தெரிவதில்லை. எதைப் பார்த்து முழங்காலில் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நீ கேட்டதற்கு என் பதில் இதுதான். ரீசனபிள் இல்லை மகனே. உன் மேஜர் சொல்லுகிற அர்த்தத்திலும் இல்லை, சாமியார் சொன்ன அர்த்தத்திலும் இல்லை. அதற்காக நான் அழவும் இல்லை. திரும்ப அந்த நாள் வந்தால் திரும்பவும் எழுந்திரு என்றுதான் சொல்வேன். என்னைப் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

மதலையின் மேட்டையும் சேர்த்து வளைத்துப் புதிதாகச் சுவர் வைத்துத் தருகிறேன் என்று சின்னப்பன் ஆள் விட்டிருக்கிறான். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சாயங்காலத்தில் லூர்தம்மாள் அங்கே வந்து உட்காருகிறாள். நானும் போகிறேன். அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பேசிக்கொள்வதில்லை. நேற்று அவள் கொண்டுவந்த தண்ணீரில் மிச்சத்தை மதலையின் மேட்டிலும் ஊற்றினாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கடைசியாக உனக்கு ஒரு வேலை. உங்கள் முகாமுக்குப் பக்கத்தில் மலையாளத்துச் சாமியார் ஒருவர் பூசை வைக்கிறார் என்று எழுதியிருந்தாய். அவரிடம் சொல்லி இன்னாசிக்காக ஒரு பூசை வைக்கச் சொல். விடுதி லீவில் உன்னோடு வந்து, இன்னொரு உருண்டை களி போடுங்க பெரியம்மா என்று என்னிடம் வாங்கித் தின்ற பையன். எப்படிச் செத்தான் என்று அந்தச் சாமியாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. யார் வைக்கச் சொன்னார்கள் என்று கேட்டால் சிநேகிதன் என்று உன் பெயரைச் சொல். என் பெயரைச் சொல்லாதே. இது இந்த ஊருக்கு, முக்கியமாகச் சின்னப்பன் காதுக்கு, வரவே கூடாது. பூசை முடிந்ததும் முடிந்தது என்று மட்டும் ஒரு வரி எழுதிப் போடு.

மாதா உன்னைத் தன் முந்தானையில் மூடிக் காப்பாளாக. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
அருளாயி